க்ளட்ச் மிதித்தும் செல்ஃப் எடுக்காத கார்: சுவிட்சை மாற்றுவதற்கு முன்

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய நிஸான் 370இசட் ஸ்போர்ட்ஸ் கார், ஆறு கியர் மேனுவல். சில நாள் க்ளட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டு விளக்கெல்லாம் எரிகிறது, செல்ஃப் மட்டும் எடுப்பதில்லை. நாலைந்து தடவை ஓங்கி மிதித்தால் ஒரு தடவை எடுத்துக்கொள்கிறது. ஒரு மெக்கானிக் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர், க்ளட்ச் சுவிட்ச் போய்விட்டது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவரை ரெண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்துவிடலாம் என்கிறார். சுவிட்சை நானே மாற்ற முடியுமா என்பது தம்பியின் கேள்வி. அடுத்த வாரம் திம்பம் மலைப்பாதை வழியாகப் போக வேண்டுமாம்.

மாற்ற முடியும். வேலை பெரிதல்ல. ஆனால் இதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கெட்டுப்போனது சுவிட்ச்தானா என்பது ஒன்று. வயரைச் சேர்த்துவிட்டு ஓட்டலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், சுவிட்சாக இருக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன என்பது. இரண்டாவதற்கு என் பதில், வேண்டாம். கோயமுத்தூரில் பல வருடமாக ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் கார்களுக்கும் வயரிங் செய்திருக்கிறேன். க்ளட்ச் சுவிட்ச் என்று என்னிடம் வந்த கார்களில் பாதிக்கு மேல் சுவிட்ச் நன்றாகவே இருந்தது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெடலின் மேல்பக்கம், டாஷ்போர்டுக்கு அடியில், பெடல் தொங்கும் இரும்பு பிராக்கெட்டில் இப்படிப்பட்ட கார்களில் பொதுவாக இரண்டு சுவிட்சுகள் இருக்கும். ஒன்று, பெடலை முழுக்க மிதித்தால் மட்டும் அழுந்துவது. கார் கியரில் நிற்கும்போது செல்ஃப் எடுத்துத் தாவிவிடாமல் தடுப்பது இதன் வேலை. இன்னொன்று, பெடல் மேலே ஓய்வாக இருக்கும்போது அழுந்தியிருப்பது. பெடலைத் தொட்டதும் விடுபடும். க்ரூஸ் கன்ட்ரோலை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) ரத்து செய்வதற்கும், க்ளட்சில் கால் இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்கும் இது. கியரைக் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தானே தட்டி இன்ஜின் வேகத்தைப் பொருத்தும் வசதி 370இசட்டின் மேனுவல் கியர்பாக்ஸில் 2009 மாடலிலேயே வந்தது. க்ளட்சில் கால் இருக்கிறதா என்று தெரியாமல் அதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே செல்ஃப் மட்டும்தான் தகராறா, க்ரூஸும் செட் ஆகவில்லையா, கியர் குறைக்கும்போது இன்ஜின் சத்தம் முன்போல் எழும்பவில்லையா என்று கவனியுங்கள். செல்ஃப் மட்டும் என்றால் பெடலை அடிவரை மிதிக்கும்போது அழுந்தும் சுவிட்ச் பக்கம் பாருங்கள். க்ரூஸும் போய்விட்டது என்றால் பெடல் ஓய்வாக இருக்கும்போது அழுந்தியிருக்கும் சுவிட்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் கேட்டால் தப்பான சுவிட்ச் வந்து சேரும்.

இனி, செல்ஃப் மோட்டாரா சுவிட்சா என்பதற்கு ஸ்பேனர் எடுக்காமலே பாதி விடை கிடைக்கும். அடுத்த தடவை எடுக்காதபோது ஓங்கி மிதிக்காதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, க்ளட்சை அடிவரை மிதித்தபடி அப்படியே வைத்துக்கொண்டு பட்டனை நிதானமாக ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் டாஷ்போர்டு ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு மாறி, ரேடியோ மட்டும், பிறகு எல்லா விளக்கும், பிறகு அணைதல் என்று சுற்றி வந்தால், உங்கள் கால் க்ளட்சில் இருப்பதே காருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவது வீண். மாறாக, அழுத்தும்போது முன்பக்கம் ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அதோடு நின்றால், சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது, கோளாறு பேட்டரியிலோ கேபிளிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது. ‘டகடகடக’ என்று வேகமாகக் கேட்டால் பெரும்பாலும் பேட்டரிதான். ராத்திரி நிறுத்திவைத்த கார் காலையில் 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே இருந்தால் சார்ஜ் பாதிதான் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

இந்த மாடலுக்கென்றே தனியாக ஒன்று உண்டு. ஆரம்ப வருடக் கார்களில் எலக்ட்ரானிக் ஸ்டியரிங் லாக் மோட்டார் மாட்டிக்கொள்ளும். அப்போதும் கார் எடுக்காது. ஆனால் அதில் ஸ்டியரிங் பூட்டியபடியே நிற்கும், டாஷ்போர்டு சரியாக எழுந்திருக்காது, சாவிப் படம் எச்சரிக்கை காட்டும். உங்களுக்கு விளக்கெல்லாம் ஒழுங்காக எரிகிறது, ஓங்கி மிதித்தால் பலன் இருக்கிறது என்கிறீர்கள். அதனால் இதை நான் இப்போதைக்கு ஒதுக்கிவைப்பேன். ஸ்டியரிங் அசையாமல் நின்றால் மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓங்கி மிதித்தால் எடுக்கிறது என்பது நீங்கள் எழுதியதிலேயே எனக்கு முக்கியமான வரி. பெடல் கடைசி சில மில்லிமீட்டர் போகாமல் நிற்கிறது, அல்லது போயும் சுவிட்சை அழுத்துவதில்லை. இதற்கு முதல் காரணம் பல கார்களில் தரை விரிப்பு. நம் பக்கம் வாங்கியதும் முதல் வேலையாக 7டி மேட் போடுகிறார்கள். அந்தத் தடிமன் பெடலுக்கு அடியில் மடிந்து உட்கார்ந்தால் போதும். மேட்டை முழுக்க எடுத்து வெளியே போட்டுவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். சீட்டையும் ஒரு பல் முன்னால் தள்ளுங்கள். சமீபத்தில் யாராவது க்ளட்ச் ஃப்ரீ பிளே (பெடலின் வெற்று அசைவு) வைக்கிறேன் என்று பெடலை மாஸ்டர் சிலிண்டரோடு இணைக்கும் புஷ்ராடைத் திருகினார்களா என்றும் விசாரியுங்கள். அதைத் திருகினால் பெடல் உயரம் மாறும், சுவிட்ச் பழைய இடத்திலேயே இருக்கும், இரண்டும் சந்திக்காது.

மேட் இல்லாமலும் அதே தகராறு என்றால் அடுத்தது ஸ்டாப்பர் ரப்பர். பத்து வருடம் தாண்டிய ஜப்பான் கார்களில் நான் முதலில் கை வைப்பது இதில்தான். சுவிட்சின் சின்ன உலோக முனை நேராகப் பெடலின் இரும்பில் மோதுவதில்லை. பெடல் கையில் ஒரு துளை இருக்கும், அதில் பட்டன் மாதிரி ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழ் செருகியிருக்கும். சுவிட்ச் முனை அந்தக் குமிழில்தான் அழுந்தும். நம் ஊர் வெயிலில், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வருடக்கணக்கில் வெந்து அது பிஸ்கட்போலப் பொரிந்துவிடும். ஒருநாள் பாதி உதிரும். மீதிப் பாதியின் விளிம்பில் சுவிட்ச் முனை பட்டால் கார் எடுக்கும், துளைக்குள் நுழைந்துவிட்டால் எடுக்காது. நாலு தடவை மிதித்தால் ஒரு தடவை எடுப்பதற்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. பார்ப்பது எளிது. மேட்டை எடுத்த தரையில் பெடலுக்கு நேர் கீழே விரலால் தடவுங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ தொட்டால் நொறுங்குகிற துண்டுகள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் சீட்டைப் பின்னால் தள்ளி, தலையைப் பெடலுக்கடியில் கொண்டுபோய் டார்ச் அடியுங்கள். இன்னொருவரை மெதுவாகக் கையால் பெடலை அழுத்தச் சொல்லுங்கள். சுவிட்ச் முனை எதில் போய் அழுந்துகிறது என்று பாருங்கள். வெறும் துளைக்குள் போனால் உங்கள் சுவிட்ச் நிரபராதி. அந்தக் குமிழைப் புதிதாக வாங்கிச் செருகினால் போதும், சுவிட்சோடு ஒப்பிட்டால் மிகச் சின்னச் செலவு. அது வரும்வரை, துளைக்குப் பொருந்தும் தட்டைத் தலை போல்ட் ஒன்றை வாஷரோடு போட்டு, பின்னால் நட் இறுக்கிவிட்டால் சுவிட்ச் முனை அதில் அழுந்தும். இந்தத் தற்காலிக வைத்தியத்தை நான் தைரியமாகச் சொல்வேன். பாதுகாப்பு அப்படியே இருக்கிறது, கழன்றுவிழுந்தாலும் கார் எடுக்காமல் போகும், அவ்வளவுதான். போல்ட் நுனி வேறெங்கும் உரசாமல், பெடல் முழுதாக மேலே வந்து முழுதாகக் கீழே போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையைக் கீழே கொடுத்திருக்கும்போதே இன்னும் இரண்டைப் பாருங்கள். பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் க்ளட்ச் மாஸ்டர் சிலிண்டரின் ராடு இன்ஜின் பக்கச் சுவரைத் தாண்டி உள்ளே வரும் இடத்தில் ஈரம் இருக்கிறதா? க்ளட்ச் ஆயில் கசிந்து பெடல் வழியாக வழிந்தால் பெயின்ட்டை உரிக்கும், பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், சுவிட்சுக்குள்ளும் போகும். அப்படி நனைந்த சுவிட்சை மட்டும் மாற்றினால் புதுசும் அதே கதிதான். அதோடு 370இசட்டில், அந்த ஆயில் அழுத்தத்தால் க்ளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளே இருக்கிறது, கெட்டுப்போவதற்குப் பேர்போனது. பெடல் சில நேரம் தரையிலேயே ஒட்டிக்கொண்டு மேலே வராமல் இருந்தால், அல்லது மிதிக்கும்போது தொளதொளவென்று இருந்தால், சுவிட்சை மறந்துவிட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அது கியர்பாக்ஸை இறக்கும் வேலை. இரண்டாவது, வயர். தோட்டத்துச் சாளையில், தேங்காய் மட்டைக்கும் தீவன மூட்டைக்கும் பக்கத்தில் கார் நிற்கிறதென்றால் எலி கடித்திருக்க வாய்ப்பு உண்டு. சுவிட்சில் செருகியிருக்கும் கப்ளரிலிருந்து வயர் போகும் பாதையை ஒரு சாண் தூரத்துக்காவது விரலால் தடவிப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறதென்றால்தான் சுவிட்சின் முறை. நல்ல ஸ்கேனர் உள்ள கடையில் கொடுத்தால் லைவ் டேட்டாவில் க்ளட்ச் சுவிட்ச் மிதிக்க ஆன், விட ஆஃப் என்று மாறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். பி0704, பி0830, பி0833 போன்ற கோளாறுக் குறியீடுகள் (கோடு) பதிவாகியிருந்தால் அவை க்ளட்ச் சுவிட்ச் சர்க்யூட்டைச் சொல்பவை. ஆனால் விட்டுவிட்டு வரும் கோளாறில் கோடு எதுவும் விழாமலும் இருக்கும், அதனால் கோடு இல்லை என்பதால் சுவிட்ச் நல்லது என்று ஆகாது. மல்டிமீட்டர் இருந்தால் கப்ளரைக் கழற்றி, சுவிட்சின் இரண்டு பின்களில் வைத்து முனையை விரலால் அழுத்துங்கள். சேரும் நிலையில் ஒரு ஓமுக்குக் கீழேயும், பிரியும் நிலையில் முழுத் துண்டிப்பும் காட்ட வேண்டும். எது அழுத்தும்போது சேர்வது, எது விடும்போது சேர்வது என்பது சுவிட்சுக்குச் சுவிட்ச் மாறும், அதனால் முக்கியம் மாறுகிறதா என்பதுதான். ஒருமுறை அழுத்திப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். இருபது முப்பது தடவை மெதுவாக அழுத்துங்கள், பக்கவாட்டில் லேசாக ஆட்டியும் பாருங்கள், முடிந்தால் கார் வெயிலில் நின்று கொதித்த பிறகும் பாருங்கள். நடுவில் ஓம் எண்ணிக்கை தாவினாலோ பீப் சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ சுவிட்ச் போய்விட்டது, சந்தேகமில்லை.

வயரைச் சேர்த்துவிடும் யோசனைக்கு வருகிறேன். நம் பக்கத்தில் டிராக்டரில் இதைச் செய்து பார்த்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சுவிட்சைத் தாண்டி செல்ஃப் கொடுத்து, கியரில் நின்ற டிராக்டர் ஆள்மேல் ஏறிய கதை எதுவும் புதிதல்ல. உங்கள் காரிலும் கணக்கு அதேதான். சரிவான களத்தில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டு நிறுத்துவது நமக்குப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. வயர் சேர்ந்திருக்கும்போது க்ளட்சைச் சரியாக மிதிக்காமல் யாராவது பட்டனை அழுத்தினால், செல்ஃப் மோட்டாரே காரை முன்னால் தள்ளும், 3.7 லிட்டர் இன்ஜின் பிடித்துக்கொண்டால் நிறுத்த நேரம் இருக்காது. அழுத்துபவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. வாட்டர் வாஷ் பையன், கல்யாண மண்டபத்தில் வண்டி நகர்த்துபவர், பாட்டுக் கேட்க ஏறிய வீட்டுக் குழந்தை, யாருக்கும் உங்கள் வயர் சேர்ந்திருப்பது தெரியாது. கோளாறு இதுதானா என்று பார்க்க, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கில், காருக்கு முன்னும் பின்னும் ஆள் இல்லாமல் ஒரு நிமிடம் சேர்த்துப் பார்த்துவிட்டு உடனே பிரிப்பது வேறு, அது சோதனை. சேர்த்து டேப் சுற்றிவிட்டு ஓட்டுவதை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை.

சுவிட்ச்தான் என்று உறுதியானால், சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுத்து ஆர்டர் போடுங்கள். உக்கடத்தில் பழைய பார்ட்ஸில் பார்க்க அதேமாதிரி இருக்கிறதே என்று எடுத்து வராதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்து உள்ளே சேர்வதும் பிரிவதும் தலைகீழாக இருக்கும் சுவிட்சுகள் நிறைய. மாற்றுவதற்கு முன் இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் பாதி இறக்கிவிட்டு, அதன்பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இந்தக் காரில் கதவு திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடினதும் ஏறும். பேட்டரி இல்லாதபோது அது இறங்காது, கண்ணாடி ஏற்றியபடி கதவைச் சாத்தினால் விளிம்பு அடிபடும். திரும்ப மாட்டிய பிறகு ஆட்டோ விண்டோவுக்கு ரீசெட் செய்ய வேண்டியிருக்கும். அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், அது ஏர்பேக்குடையது. பழைய சுவிட்சைக் கழற்றுமுன் அது எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து, மார்க்கரால் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். லாக் நட் வைத்த வகையென்றால் நட்டைத் தளர்த்தித் திருகி எடுக்கலாம். கால் சுற்றுத் திருப்பினால் வரும் வகையும் உண்டு. எதுவென்று டார்ச் அடித்துப் பார்க்காமல் பலம் கொடுத்தால் பிராக்கெட் வளையும். ரேஸ் காரில் பூட்ஸ் காலால் அடித்து வளைந்த பிராக்கெட்டை நிமிர்த்தியிருக்கிறேன், நிமிர்த்தியும் பழையபடி நேராக உட்காராது.

புதுசைப் பொருத்தும்போது, பெடலை முழுக்க மிதித்த நிலையில் சுவிட்சின் மரை போட்ட உடம்புக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட வேண்டும். பல கார்களில் இது ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவையே வையுங்கள். இடைவெளியே இல்லாமல் வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் பெடல் சுவிட்சின் உடம்பில் இடித்து அதை உடைக்கும். அதிகம் விட்டால் பழைய தகராறே திரும்பும். பிறகு நியூட்ரலில் வைத்துச் சோதியுங்கள். பாதி மிதித்தால் எடுக்கக் கூடாது. அடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் எடுக்க வேண்டும். சாதாரணமாக மிதித்து, வரிசையாக ஒவ்வொரு தடவையும் எடுத்தால்தான் வேலை முடிந்தது.

திம்பம் பயணத்தைப் பற்றி. 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகம், ராத்திரிப் போக்குவரத்துத் தடை. வளைவில் இன்ஜின் அணைந்து செல்ஃப் எடுக்காவிட்டால் பின்னால் லாரி வரிசை நிற்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள காருக்கு அது நல்லதல்ல, அதைவிட முக்கியம், இன்ஜின் ஓடாத காரை இறக்கத்தில் உருளவிட்டால் இரண்டு மூன்று மிதியில், மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டர் காலியாகி பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். மேட்டை எடுத்தும் ஸ்டாப்பரைச் சரிசெய்தும் ஒரு வாரம் ஒருமுறைகூட மக்கர் பண்ணாமல் ஓடியிருந்தால் போங்கள். இல்லையென்றால் வேறு வண்டியில் போய்வாருங்கள்.

இன்னொன்று விட்டுப்போகக் கூடாது. க்ளட்ச் பெடலில் ஸ்டாப்பர் ரப்பர் பொரிந்திருந்தால், அதே வயதுள்ள ரப்பர் பிரேக் பெடலிலும் இருக்கும். அது உதிர்ந்தால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி டவுன் ஆகும், பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது. இரண்டு குமிழாக வாங்கி, தலையைக் கீழே கொடுத்த அதே தடவையில் இரண்டையும் மாற்றிவிடுங்கள்.